கிளிக்கர் கொண்டு நாயைப் பழக்குதல்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

வன்னியில் வளவுகள் பெரியவை. வேலி பல இடங்களில் பெயரளவுக்கே இருக்கும். தோட்டத்துக்குள் பன்றி இறங்கினாலும் குளக்கரைப் பக்கம் யானை வந்தாலும் முதலில் அறிவிப்பது நாய்தான் என்பதால், நாயில்லாத வீடு இங்கே அரிது. அதே நாய் பகலில் படலையைத் தாண்டி மோட்டார் சைக்கிளைத் துரத்தும்போதும், கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் ஓடும்போதும், பெரும்பாலானோர் கையில் எடுப்பது தடியைத்தான். அடி வாங்கிய நாய் துரத்துவதை விட்டுவிடுவதில்லை. தடி வைத்திருப்பவர் அருகில் நிற்கும்போது மட்டும் துரத்தாமலிருக்கப் பழகிக்கொள்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்பதை நாய்க்குப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மாட்டுக்கே அது பொருந்துமா என்பது வேறு கதை.

கிளிக்கர் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்ரிக் பெட்டி. அழுத்தினால் உள்ளிருக்கும் உலோகத் தகடு வளைந்து ‘டிக்’ என்று ஒலிக்கும். நாய் சரியாகச் செய்த கணத்தைச் சுட்டிக்காட்டுவது ஒன்றே அதன் வேலை. நாய் குந்தி இருந்ததும் நீங்கள் பைக்குள் கைவிட்டு, ஈரல் துண்டை எடுத்து, குனிந்து நீட்டுவதற்குள் அது எழுந்துவிடுகிறது. தீனி கிடைத்தது இருந்ததற்கா, எழுந்ததற்கா என்று அதற்கு விளங்காது. அந்த இடைவெளியை ஒலி நிரப்புகிறது.

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களில் அமெரிக்காவில் இம்முறையை விலங்குப் பயிற்சித் தொழிலுக்குக் கொண்டுவந்தனர். 1960களில் ஹவாயில் டொல்பின்களைப் பழக்கிய கரன் பிரையர், நீருக்குள் நீந்தும் விலங்கைக் கயிற்றால் இழுத்தோ அடித்தோ பழக்க முடியாது என்பதால் விசிலையும் மீனையும் கொண்டே வேலை செய்தார். 1990களில் இது நாய் வளர்ப்போரிடையே பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கண்ணிவெடி அகற்றும் பணியைக் கண்முன்னே பார்த்த நமக்கு இன்னொரு செய்தி நெருக்கமாக இருக்கும்: தன்சானியாவில் அப்போப்போ நிறுவனம், வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் ஆபிரிக்கப் பெரும் பையெலிகளைப் பழக்குவதும் இதே ‘டிக்’ ஒலியையும் வாழைப்பழத்தையும் கொண்டுதான்.

ஊர்க் கடையில் கிளிக்கர் கிடைக்காவிட்டால் அழுத்தும் குமிழ்முனைப் பேனை போதும். நடுவில் மேடிட்ட ஜாம் போத்தல் மூடியும் உதவும். ஒலி எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் சரி. தீனிக்கு உப்பில்லாமல் அவித்த கோழி ஈரல் அல்லது எலும்பில்லாத கோழியிறைச்சி சிறந்தது. கச்சான் பருப்பளவுக்கு மேல் வெட்ட வேண்டாம். கருவாடு கொடுப்பதானால் உப்புப் போக நன்றாக ஊறவைத்து அவித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், திராட்சை, சொக்லேற் ஆகியவை நாய்க்கு நஞ்சு. அவித்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும். வெயில் ஏறிய பின் நாயின் கவனமெல்லாம் நிழலிலேயே இருக்குமாகையால், காலையிலோ மாலையிலோ, வயிறு நிறையாத வேளையில், ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் பழக்குங்கள்.

முதற்படி: ஒலிக்குப் பொருள் கொடுத்தல்

அமைதியான இடத்தில் நாயிடம் எதையும் எதிர்பாராமல் ஒருமுறை அழுத்தி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். பதினைந்து, இருபது தடவை இப்படிச் செய்யுங்கள். ஒலிக்கு முன்பே கை தீனியை நோக்கி நகர்ந்தால் நாய் கையைத்தான் படிக்கும், ஒலியைக் கேட்காது. ஆகவே முதலில் ஒலி, பிறகு கை. பின்னர் அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில் அழுத்திப் பாருங்கள். காது விறைத்து, தலை சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினால் இந்தப் படி முடிந்தது. ஒலிக்கு மிரளும் நாயாயின் கிளிக்கரைத் துணியில் சுற்றியோ சட்டைப்பைக்குள் வைத்தோ அழுத்துங்கள்.

இங்கே ஒரு விதி தொடங்குகிறது: அழுத்தினால் கொடுத்தே ஆக வேண்டும். தவறுதலாக அழுத்திவிட்டாலும் கொடுங்கள். நாயைக் கூப்பிடுவதற்காகக் கிளிக்கரை அழுத்தாதீர்கள். பிள்ளைகளிடம் விளையாடவும் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: ‘இரு’

தீனித் துண்டை நாயின் மூக்கருகே பிடித்து, மெதுவாக அதன் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்துங்கள். மூக்கு மேலே எழும்ப, பின்பகுதி தானாகத் தாழும். பின்பகுதி நிலத்தைத் தொடும் அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். தொட்டு எழுந்த பிறகு அழுத்தினால் எழுந்ததற்கே கூலி கொடுத்ததாகிவிடும். முதுகைப் பிடித்து அமுக்க வேண்டாம். துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் நாய் எழுந்து சென்று தின்னும், அடுத்த முறைக்கும் ஆயத்தமாகும். நாலைந்து தடவைக்குப் பிறகு வெறுங்கையால் அதே அசைவைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கையில் தீனியைக் கண்டால் மட்டும் இருக்கும் நாயைத்தான் உருவாக்குவீர்கள்.

சொல் கடைசியில் வரும். கையசைவுக்குத் தவறாமல் இருக்கத் தொடங்கிய பின்னரே, அசைவுக்குச் சற்று முன் ‘இரு’ என்று ஒருமுறை சொல்லுங்கள். ‘இரு, இரு, இரு’ என்று அடுக்கினால் மூன்றாவதுக்குத்தான் இருக்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். அப்பா ‘இரு’ என்றும் பிள்ளைகள் ‘சிட்’ என்றும் சொல்லும் வீட்டில் நாயைக் குறைசொல்லிப் பயனில்லை.

மூன்றாம் படி: ‘வா’

வன்னிக்கு இதுவே மிகவும் தேவையான பாடம். அவசரப்பட்டால் கெடுவதும் இதுதான். விறாந்தையில் இரண்டு மூன்று அடி தூரத்தில் தொடங்குங்கள். நாய் உங்கள் பக்கம் திரும்பி முதல் அடி வைக்கும்போதே அழுத்தி, உங்கள் காலடியில் தீனியைக் கொடுங்கள். திரும்பி வருவது உறுதியானதும் ‘வா’ என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு முற்றம், கிணற்றடி, வளவின் எல்லை என்று தூரத்தைக் கூட்டலாம். திறந்த இடத்தில் நீண்ட நைலோன் கயிறு கழுத்துப்பட்டியில் இருக்கட்டும். தூரத்தைக் கூட்டும் நாளில் கோழியோ அடுத்த வீட்டு நாயோ குறுக்கே வராத வேளையாகப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை வராவிட்டால் முந்திய தூரத்துக்குத் திரும்புங்கள். ‘வா’ என்று கூப்பிட்டு ஏசுவதோ, உடனே சங்கிலியில் கட்டுவதோ கூடாது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் வந்ததற்குத் தீனி உண்டு.

வண்டி துரத்தும் நாயைப் படலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கயிற்றில் வைத்திருங்கள். வண்டிச் சத்தம் கேட்டு அது தலையைத் திருப்பும். உடல் முன்னோக்கிப் பாய்வதற்கு முன் ஒரு சிறு நிறுத்தம் இருக்கும். அந்த நிறுத்தத்தில் அழுத்திக் கொடுங்கள். அது ஏற்கெனவே குரைத்து இழுக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் வீதிக்குக் கிட்ட நிற்கிறீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். நாளடைவில் வண்டிச் சத்தம் கேட்டதும் அது உங்கள் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகே படலையை நோக்கி ஓரிரு அடி நகரலாம். வயல்களில் யானை வெடி கொளுத்தும் இரவுகளில் பயிற்சியே வேண்டாம்; பயந்த நாய் தீனியைத் தொடாது. ஏற்கெனவே ஆட்களைக் கடித்த நாயை இந்தச் செய்முறையை மட்டும் நம்பிப் பழக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை எல்லா நாய்களுக்கும் ஆண்டுதோறும் போடுவிக்க வேண்டும்.

ஒரு செயல் எங்கே சொன்னாலும் நடக்கும் அளவுக்கு உறுதியான பின், அந்தச் செயலுக்குக் கிளிக்கர் தேவையில்லை. ‘நல்லது’ என்ற சொல்லும் இடையிடையே ஒரு துண்டும் போதும். படலை திறக்கும் முன் ‘இரு’ என்று சொல்லி, இருந்ததும் திறந்துவிட்டால், வெளியே போவதே கூலியாகிவிடும். அடுத்த பாடத்துக்குக் கிளிக்கரை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.