தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வருமான வரி ரிட்டனை இன்றைக்கே தொடங்குவது எப்படி?

ஜூன் 15-க்குள் அலுவலகம், நம் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16 சான்றிதழைத் தந்துவிட வேண்டும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. நடுவில் ஆறு வாரம் இருந்தும் நம்மில் பலர் கடைசி வாரத்தில்தான் உட்காருகிறோம். 2025-ல் கெடுவைச் செப்டம்பர் 16 வரை நீட்டினார்கள் என்பது உண்மைதான். அதை நம்பி இருக்காதீர்கள்.

நேரமில்லை என்பது இதற்குக் காரணமே இல்லை. மறந்துபோன பாஸ்வேர்டு, புரியாத கட்டங்கள், நோட்டீஸ் வந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் ஒன்றாக மனதில் வந்து நிற்கின்றன. ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்றதும் நிம்மதியாகிவிடுகிறது. அந்த நிம்மதிக்காகத்தான் தள்ளிப்போடுகிறோம் என்று சிரோயிஸ், பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013-ல் விளக்கினார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதனால் முதல் நாள் வேலையைப் பயமே தராத அளவுக்குச் சின்னதாக்குவதுதான் வழி.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தாளில் எழுதுங்கள்

‘ரிட்டன் தாக்கல் செய்யணும்’ என்று எழுதாதீர்கள். ‘ஏ.ஐ.எஸ் டவுன்லோடு’ என்று மட்டும் எழுதுங்கள். வங்கி வட்டி, டிவிடெண்ட் என்று வரித்துறைக்கு உங்களைப் பற்றி வந்திருக்கும் தகவல்களின் தொகுப்புதான் அது. இ-ஃபைலிங் தளத்திலேயே கிடைக்கும். பி.டி.எஃப்-ஐத் திறக்க, பேன் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியைச் சேருங்கள்: தேதி, மாதம், வருடம், மொத்தம் எட்டு இலக்கம். பெரிய எழுத்தில் அடித்தால் திறக்காது.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். ஆப்பைத் தேர்ந்தெடுப்பதே இன்னொரு தள்ளிப்போடல் ஆகிவிடும். பழைய டைரித் தாளும் பேனாவும் போதும். ஆனால் போனில் செய்யாதீர்கள், லேப்டாப்பில் உட்காருங்கள்.

படி 2: பத்தே நிமிடம்

டைமர் வைத்து வேலை செய்யும் பொமோடோரோ முறையில் ஒரு தடவைக்கு 25 நிமிடம் என்பார்கள். பயந்து ஒதுக்கிய வேலைக்கு முதல் நாள் அது அதிகம். காலைக் காபி டம்ளரைக் கழுவி வைத்த கையோடு பத்து நிமிடம் என்று முடிவு செய்யுங்கள். ‘சாயங்காலம்’ என்று பொதுவாக வைத்தால் சாயங்காலம் வராது.

படி 3: ஒப்பிடுதல்

என்னை நிறுத்தியது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஏ.ஐ.எஸ்-ஸைத் திறந்தால் ஃபார்ம் 16-இல் இல்லாத தொகைகள் தெரியும். சேமிப்புக் கணக்கு வட்டி, எப்போதோ போட்ட எஃப்.டி.யின் வட்டி, சில நூறு ரூபாய் டிவிடெண்ட். இரண்டும் ஒத்துவரவில்லையே என்று பதறி, லேப்டாப்பை மூடத் தோன்றும்.

மூடாதீர்கள். ஃபார்ம் 16-இல் இருப்பது அலுவலகத்துக்குத் தெரிந்த கணக்கு மட்டும். உங்கள் வங்கி வட்டியை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. வித்தியாசம் இருப்பது இயல்புதான்.

தாளை நெடுக்காக மடியுங்கள். இடப்பக்கம் ஏ.ஐ.எஸ் தொகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ‘தெரியும்’, ‘என்னுடையதில்லை’, ‘கேட்கணும்’ இவற்றில் ஒன்றைப் போடுங்கள். இன்றைக்கு விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்று பிரிந்தால் போதும். எஃப்.டி. வட்டிக்கு வங்கியிலேயே சான்றிதழ் வாங்கலாம். உங்களுடையதில்லாத தொகை என்றால் ஏ.ஐ.எஸ் பக்கத்திலேயே அதைப் பதிவு செய்ய வசதி இருக்கிறது.

எழுந்திருக்கும் முன் அடுத்து என்ன செய்யணும் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாளைக்கு எங்கே தொடங்குவது என்ற குழப்பமே இருக்காது.

படி 4: படிவம்

இ-ஃபைலிங் தளத்தில் ரிட்டன் படிவத்தைத் திறந்தால் பாதி விவரம் தானாகவே நிரம்பியிருக்கும். சரிபார்த்து, டிராஃப்டாகச் சேமித்து, மறுநாள் தொடரலாம். பழைய வரி முறை வேண்டுமென்றால் மட்டும் கெடுவுக்குள் முடித்தே ஆக வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைதான். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000.

படி 5: சரிபார்ப்பு

அனுப்பியதும் வேலை முடிந்துவிடாது. அனுப்பியது நீங்கள்தான் என்று 30 நாளுக்குள் ஆன்லைனில் உறுதிசெய்ய, அதாவது இ-வெரிஃபை செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது, அதே உட்காரலில் முடித்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: படித்துவிட்டுப் பலர் கேட்டது, இ-வெரிஃபை செய்யும்போது வரும் ஆதார் ஓடிபி பற்றித்தான். ஆதாரில் பழைய போன் நம்பர் இருந்தால் ஓடிபி அங்கேதான் போகும். அதற்காக வேலையை நிறுத்த வேண்டாம், நெட் பேங்கிங் வழியாகவும் இ-வெரிஃபை செய்யலாம். அப்பா, அம்மாவுக்குச் செய்து கொடுப்பவர்கள் படி 1-க்கு முன்பே அவர்கள் ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.