அம்மாவின் கொலுசை விற்றபோது

அம்மாவின் பழைய சேலம் கொலுசுகள் மூன்று ஜோடி, எடை 412 கிராம். முதலில் போன கடையில் கல்லில் உரசிக்கூடப் பார்க்காமல், "பாதிக்குப் பாதி கழிவுங்க" என்றார்கள். மனசு கேட்கவில்லை, எடுத்து வந்துவிட்டேன்.

அப்புறம் பழைய வெள்ளியை உருக்கி வாங்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். கொலுசில் பற்றவைப்பு அதிகம், மணிகளுக்குள் அழுக்கும் இருக்கும், அதனால் உருக்கினால்தான் உண்மை தெரியும் என்றார் அந்த அண்ணன். என் கண் முன்னாலேயே உருக்கி ஊற்றினார். கட்டி ஆறியதும் 391 கிராம். மெஷினில் வைத்தால் டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற அளவு) 68. அதாவது சுமார் 266 கிராம் சுத்த வெள்ளி. முதல் கடைக்காரர் கணக்கில் அது வெறும் 206!

அன்றைய விலையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் பிடித்துக்கொண்டார். அது அவருடைய லாபம், எனக்கு அதில் வருத்தமே இல்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இல்லாமல் யாரும் கடை நடத்த முடியாது. டச்சைக் குறைத்துச் சொல்லி எடுக்கும் லாபம்தான் நம் கண்ணில் படுவதில்லை. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் ஜிஎஸ்டியும் எப்படியும் திரும்பாது, சரி. ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளி நம்முடையதுதானே?