மலையில் ஆள் தேட ட்ரோன்: ஏஐயை நம்புவதற்கு முன் பிக்சலை எண்ணுங்கள்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடர்ந்த காட்டின் இலைக்கூரைக்குக் கீழே ட்ரோன் கேமராவுக்குக் கண் தெரியாது, மண்ணுக்குள்ளும் தெரியாது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனபோது, பல உடல்கள் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி, மலப்புறம் மாவட்டத்தில் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில்தான் கிடைத்தன. எங்கே தேடுவது என்பதை அந்த ஆறும் ஒற்றையடிப் பாதையும் தெரிந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாறைச் சரிவு, ஓடை, புல்வெளி, ஆற்றங்கரை மாதிரித் திறந்த இடங்களை ட்ரோனுக்கு ஒதுக்குங்கள்.

செய்தி கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் என்றால் 1077-ல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி, தேடலை நடத்துபவர் யார் என்று கேட்டு, அவர் சொன்ன பகுதியில் மட்டும் பறக்கவிடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையிடமும் சொல்ல வேண்டும். மீட்பு ஹெலிகாப்டர் வரும் வானத்தில் யாரென்றே தெரியாத ஒரு ட்ரோன் சுற்றினால், ஹெலிகாப்டர்தான் ஒதுங்க வேண்டியிருக்கும். 2021 ட்ரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலேயே 120 மீட்டர்தான் உச்சவரம்பு, தேடலுக்கு அவ்வளவு உயரம் தேவையும் இல்லை.

ஏன் தேவையில்லை என்றால், கணக்கு இப்படி. ஒரு அங்குல சென்சார் உள்ள 20 மெகாபிக்சல் கேமரா 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே எடுக்கும் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் சுமார் 1.6 செ.மீ., அதாவது ஒருவரின் தோள் அகலம் கிட்டத்தட்ட 27 பிக்சல். 120 மீட்டருக்குப் போனால் அது பாதியாகிவிடும். மலையில் இன்னொரு சிக்கல், பல ட்ரோன்கள் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. நீங்கள் 60 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க, பள்ளத்தாக்குப் பக்கம் அது தரையிலிருந்து 150 ஆகியிருக்கும், மேட்டுப் பக்கம் மரத்தில் போய் மோதும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் வரிசை வரிசையாகப் பறக்கவிடுங்கள். வீடியோவை விட ஸ்டில் படம் மேல். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஷட்டர் 1/100 வினாடி என்றிருந்தால் படம் 8 செ.மீ. இழுபடும்; 1/1000 வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா இருந்தால் விடியலுக்கு முன் எடுங்கள், இரவில் பறக்க அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மதியம் காய்ந்த பாறையும் மனித உடம்பும் திரையில் ஒரே நிறத்தில்தான் தெரியும்.

இனி ஏஐ. படத்தில் ஆள் எங்கே, பொருள் எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டும் யோலோ மாதிரி ஏஐ மாடல்களை லேப்டாப்பிலேயே ஓட்டலாம், மலையில் சிக்னல் இருக்காது என்பதால் அப்படித்தான் ஓட்டவும் வேண்டும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். யோலோ வழக்கமாகப் படத்தை 640 பிக்சலாகச் சுருக்கிவிட்டுத்தான் பார்க்கும். 5472 பிக்சல் அகலப் படத்தில் 27 பிக்சலாக இருந்த தோள் வெறும் 3 ஆகிவிடும், அப்புறம் அது எதைக் கண்டுபிடிக்கும்? படத்தை 640-க்கு 640 துண்டுகளாக, ஓரங்கள் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டிக் கொடுங்கள். ஒரு படத்துக்கு 80 துண்டு போல வரும், நேரமும் பிடிக்கும், பரவாயில்லை. தெருவில் நடப்பவர்களின் படங்களில் பழகிய மாடலுக்கு மேலிருந்து பார்த்தால் ஆள் ஆளாகத் தெரியாது. குரோஷியாவின் ஸ்ப்ளிட் பல்கலைக்கழகம் தேடல் பணிக்கென்றே தொகுத்த ஹெரிடால் படத்தொகுப்பு நல்ல தொடக்கம்தான், ஆனால் அது மத்தியதரைக்கடல் நிலம். லுங்கி, சேலை, ரெயின்கோட், காக்கி போட்ட நண்பர்களை நம் ஊர்ப் பாறையிலும் புதர் ஓரத்திலும் படுக்க வைத்து, உட்கார வைத்து நீங்களே படமெடுத்துச் சேர்த்துப் பழக்குங்கள். மாடல் எவ்வளவு உறுதியாக இருந்தால் ‘ஆள்’ என்று காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் நம்பிக்கை அளவை (0 முதல் 1 வரை) 0.1 வரை இறக்கி வையுங்கள். கல், ஆடு, தார்ப்பாய் என்று எதையெல்லாமோ காட்டும், காட்டட்டும், அதைத் தள்ளிவிட இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தால் போதும். மாடல் பேசாமல் விட்டுவிட்ட ஆளைத் திரும்பத் தேடுவதுதான் பெரும்பாடு.

சந்தேகப்படும் இடம் கிடைத்ததும் படத்தில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ்ஸை அப்படியே தரைக்குழுவுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது ட்ரோன் நின்ற இடம். கேமரா 45 டிகிரி சாய்ந்திருந்தால் 60 மீட்டர் உயரத்துக்குப் படத்தின் நடுப்புள்ளி 60 மீட்டர் முன்னால் இருக்கும், சரிவில் இன்னும் மாறும். ட்ரோனை அந்த இடத்துக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்து ஜிபிஎஸ் எண்களை எடுத்து, தசம வடிவமா டிகிரி நிமிட வடிவமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடல்கள் தெரியும் படங்கள் வாட்ஸப் குழுக்களுக்குப் போகவே கூடாது.

எதுவும் சிக்காத பகுதியை வரைபடத்தில் ‘தேடியாயிற்று’ என்று அடித்துவிடாமல், தரை தெரிந்த இடம் ஒரு நிறம், மரம் மறைத்த இடம் வேறு நிறம் என்று பூசிக் கொடுங்கள். இரண்டாவது நிறத்துக்கு ஆட்களையும் மோப்ப நாயையும் அனுப்பச் சொல்லுங்கள்.