சிட்காம் எபிசோடுக்கும் சூப்பர்ஹீரோ படத்துக்கும் கருத்து எழுதுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒரு அனிமேஷன் சிட்காமில், அதாவது நகைச்சுவைத் தொடரில், நாலைந்து எபிசோட் பார்த்தாயிற்று. கையோடு ஒரு சூப்பர்ஹீரோ படமும் பார்த்தாயிற்று. மனதில் என்னென்னவோ ஓடுகிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் "செம", "மொக்கை" இரண்டைத் தாண்டி எதுவும் வரமாட்டேன் என்கிறது. ரசனைக் குறைவால் இப்படி ஆவதில்லை. பிடித்ததற்கான காரணத்தைக் காட்சிக்குள் போய்த் தேடும் பழக்கம் இன்னும் வராததுதான் காரணம். அதைப் பழகும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முன்கூட்டியே ஒன்று: 'தி சிம்ப்சன்ஸ்', 'ஃப்யூச்சராமா' தொடர்களில் தலா ஒரு எபிசோடையும், 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தையும் உதாரணமாக எடுத்திருக்கிறேன். கதை முடிவுகளும் வரும்.

படி 1: முதல் தடவை சும்மா பாருங்கள்

பேனா, நோட்டு எதுவும் வேண்டாம். பார்த்து முடித்த உடனே, சூடு ஆறுவதற்குள், மனதில் நிற்கும் மூன்று காட்சிகளை மட்டும் குறித்து வையுங்கள். நன்றாக இருந்ததால் நிற்கிறதா, எரிச்சலூட்டியதால் நிற்கிறதா என்பதை அப்புறம் பார்க்கலாம். கதைச் சுருக்கம் இப்போது தேவையில்லை. இன்னொருவர் எழுதிய விமர்சனத்தை இந்தக் கட்டத்தில் படிக்கவே படிக்காதீர்கள். படித்துவிட்டால் அவருடைய வார்த்தைகள்தான் உங்கள் விரலில் வரும்.

படி 2: இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி

சிட்காம் எபிசோட் பெரும்பாலும் 22 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் முழுதாக இன்னொரு முறை பார்க்கலாம். படத்துக்கு அந்த மூன்று காட்சிகளும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஐந்து நிமிடமும் போதும். நிமிடக் கணக்கோடு குறிப்பு எடுங்கள்: யார் என்ன செய்கிறார், கேமரா எங்கே நிற்கிறது, இசை எப்போது நிற்கிறது. "அழகாக இருந்தது" போன்ற தீர்ப்பு எதுவும் இந்தக் குறிப்பில் வரக்கூடாது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும்.

படி 3: எபிசோடை எபிசோடாகவே அளந்து பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழைய பாணி சிட்காமில் எபிசோட் முடியும்போது எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வேலை போனவனுக்கு வேலை கிடைத்துவிடும், சண்டை போட்டவர்கள் அடுத்த வாரம் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். 'தி சிம்ப்சன்ஸ்' 1989-ல் தொடங்கியது. அதில் வரும் சிறுவன் பார்ட்டுக்கு இன்றும் பத்து வயதுதான். "கதாபாத்திரம் வளரவே இல்லையே" என்று இதைக் குறை சொல்வதில் பயனில்லை. எல்லாம் பழையபடி ஆவதற்குள் இந்த 22 நிமிடத்தில் என்ன காட்டினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

1997-ல் வந்த 'ஹோமர்ஸ் எனிமி' எபிசோடை எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் கிரைம்ஸ் என்பவர் அணுமின் நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறார். சிறு வயதிலிருந்தே கஷ்டப்பட்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். பக்கத்திலேயே பார்ட்டின் அப்பா ஹோமர்: வேலை நேரத்தில் தூங்குகிறான், ஆபத்தான தவறுகள் செய்கிறான், ஆனாலும் அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஹோமர் அவரை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுகிறான். பெரிய வீடு, அன்பான குடும்பம், மேஜையில் லாப்ஸ்டர், சுவரில் ஹோமர் விண்வெளிக்குப் போன புகைப்படம். கிரைம்ஸ் வெடித்துவிடுகிறார். தான் ஒரு பௌலிங் கூடத்துக்கு மேலேயும் இன்னொரு பௌலிங் கூடத்துக்குக் கீழேயும் ஒற்றை அறையில் குடியிருப்பதாகக் கத்துகிறார். கடைசியில் ஹோமரைப் போலவே நடந்து காட்டுகிறேன் என்று உயர் அழுத்த மின்கம்பியைப் பிடித்து இறந்துபோகிறார். அவருடைய இறுதிச் சடங்கில் ஹோமர் தூங்கி வழிந்து ஏதோ உளற, கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

சிட்காமின் விதிகள் தெரியாமல் சிட்காமுக்குள் வந்து மாட்டிக்கொண்ட ஒரு சாதாரண மனிதனின் கதை இது. அந்தக் கடைசிச் சிரிப்பு உங்களுக்குக் கொடூரமாகப் பட்டதா, துணிச்சலாகப் பட்டதா? இரண்டில் எதுவானாலும் நல்ல கருத்துதான், காரணம் சொன்னால். என்னைக் கேட்டால் அந்தத் தொடரின் மிக நேர்மையான எபிசோட் இது என்பேன். அவ்வளவு காலம் நாம் ரசித்துச் சிரித்த ஹோமரின் அதிர்ஷ்டத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அது காட்டிவிடுகிறது.

படி 4: கிளைக்கதையை விட்டுவிடாதீர்கள்

அநேகமாக எல்லா சிட்காம் எபிசோடிலும் முதன்மைக் கதையோடு சின்னதாக ஒரு கிளைக்கதை ஓடும். புதிதாக எழுதுபவர்கள் அதை "நடுவில் கொஞ்சம் காமெடி" என்று தாண்டிப் போய்விடுவார்கள். மேலே சொன்ன எபிசோடில் பார்ட் ஏலத்தில் ஒரு டாலருக்கு ஒரு பாழடைந்த தொழிற்சாலையையே வாங்கிவிடுகிறான். கிரைம்ஸின் ஒற்றை அறையையும் இந்த ஒரு டாலர் தொழிற்சாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிம்ப்சன் வீட்டு அதிர்ஷ்டம் அப்பாவோடு நிற்கவில்லை, பையனுக்கும் தொடர்கிறது. இப்படி ஒரு இணைப்பு கிடைத்துவிட்டால் ஒரு பத்தி எழுத விஷயம் கிடைத்துவிட்டது. இணைப்பே இல்லாமல் தொங்கினால் அதையும் குறையாக எழுதலாம்.

படி 5: "அழுதுவிட்டேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள்

உணர்ச்சியை எழுதுவதில் தவறே இல்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று ஒரு வரியாவது வேண்டும். பெரும்பாலும் காரணம், எந்தத் தகவல் யாருக்கு எப்போது கிடைக்கிறது என்பதில் இருக்கும். 'ஃப்யூச்சராமா'வில் 2002-ல் வந்த நாய் எபிசோட் இதற்கு நல்ல பாடம். முதலில் எழுதியது இப்படி இருக்கலாம்:

"நாய் எபிசோட் செம எமோஷனல். கண் கலங்கிவிட்டது. கண்டிப்பாகப் பாருங்கள்."

திருத்தி எழுதினால்:

"ஆயிரம் வருடம் உறைநிலையில் கிடந்து விழித்த ஃபிரை, புதைபடிவமாகிக் கிடந்த தன் நாயை உயிர்ப்பிக்க முடியும் என்று தெரிந்தும் கைவிடுகிறான். தான் போனபிறகு அது பன்னிரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறது, நிச்சயம் தன்னை மறந்திருக்கும் என்று நம்புகிறான். அதன் பிறகுதான் அந்த நாய் கடை வாசலில் அவனுக்காக வருடக் கணக்கில் காத்திருந்ததை நமக்குக் காட்டுகிறார்கள். உண்மை நமக்குத் தெரிகிறது, ஃபிரைக்குத் தெரியவில்லை. அவனிடம் போய்ச் சொல்ல வழியில்லாமல் எபிசோட் முடிந்துவிடுவதுதான் தாங்க முடியவில்லை."

இரண்டாவதில் "எமோஷனல்" என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்குத் தொண்டை அடைக்கும்.

படி 6: படத்துக்கு வேறு கேள்வி

சூப்பர்ஹீரோ படத்தில் ஹீரோ பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது. அதனால் இங்கே கேட்க வேண்டியது: தொடக்கத்தில் செய்ய முடியாத எதை முடிவில் செய்கிறார்? அதற்காக எதை இழந்தார்? வில்லனின் பலமும் கிராஃபிக்ஸும் அதற்கு அடுத்த வரிசைதான்.

2018-ல் வெளியாகி, சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற ஸ்பைடர்-வெர்ஸ் படத்தில், புதிதாக ஸ்பைடர்-மேன் ஆகும் சிறுவன் மைல்ஸ் கட்டடத்திலிருந்து குதிக்கும் காட்சியைப் பாருங்கள். முன்பு ஒருமுறை குதிக்க நினைத்து, பயந்து, கீழே இறங்கி, சின்னக் கட்டடமாகப் பார்த்து ஓடிவந்து, ஷூ லேஸ் தடுக்கி விழுந்தவன் அவன். இந்த முறை உயரமான கட்டடத்திலிருந்து தாவுகிறான். ஒட்டிக்கொண்ட அவன் விரல்கள் கட்டடத்தின் கண்ணாடியை இன்னும் விடவில்லை. அவன் பாயும்போது கண்ணாடி பிய்ந்து விரலோடு வருகிறது. அதாவது பயம் போகவில்லை, பயத்தோடுதான் குதிக்கிறான். உடனே கேமரா தலைகீழாகிறது. விழுகிறவன் திரையில் மேலே எழுவது போலத் தெரிகிறான். வசனமே இல்லாமல் இத்தனையையும் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் படத்தைப் பற்றி ஒரே பத்திதான் எழுத முடியும் என்றால் நான் இந்தக் காட்சியைத்தான் எழுதுவேன்.

அனிமேஷன் என்பதால் அசைவையும் கவனியுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். காட்டுக்குள் மைல்ஸும் மூத்த ஸ்பைடர்-மேனான பீட்டரும் வலை வீசித் தாவும் இடத்தில் அனுபவசாலியான பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்கிறார். மைல்ஸ் ஒரே நிலையில் இரண்டு ஃபிரேம் நிற்பான், விநாடிக்கு 12 நிலைகள்தான். அதனால்தான் அவன் தடுமாறுவது போலத் தெரிகிறது. தொழில்நுட்பம் பற்றி எழுதும்போது இப்படிக் கதையோடு கோத்து எழுதுங்கள். "கிராஃபிக்ஸ் தரம்" என்று தனியாக ஒரு வரி போடுவதால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

படி 7: எழுதும் வரிசை

முதல் வரியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். அடுத்து மூன்று வரிக்கு மிகாமல் கதை. அப்புறம் உங்கள் முடிவுக்கு ஆதாரமான ஒரு காட்சி, விரிவாக. பிறகு பிடிக்காதது ஏதாவது இருந்தால் அதற்கும் ஒரு காட்சி. ஐந்து எபிசோடைச் சேர்த்து எழுதினால் ஐந்துக்கும் சம இடம் தர வேண்டியதில்லை. சொல்ல விஷயமுள்ள இரண்டை விரிவாக எழுதி, மற்றவற்றை ஆளுக்கு ஒரு வரியில் முடியுங்கள். முடிவைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் மேலேயே ஸ்பாய்லர் எச்சரிக்கை போடுங்கள். மதிப்பெண் தருவது உங்கள் விருப்பம். தந்தால் எபிசோடுக்கும் படத்துக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்காதீர்கள்.

படி 8: வெளியிடும் முன் ஒரு சல்லடை

எழுதியதை ஒருமுறை உரக்கப் படியுங்கள். "அருமை", "பிரமாதம்", "சுமார்", "இழுவை" வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, எந்தக் காட்சியில் என்று கேளுங்கள். பதில் பக்கத்திலேயே இருந்தால் அந்தச் சொல் இருக்கட்டும். இல்லையென்றால் காட்சியைச் சேருங்கள், அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள். கதாபாத்திரங்களின் பெயர்களையும் யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வெளியிடுங்கள்.