சங்கத்தில் சண்டை வந்தால், புதிதாகச் சேர்ந்தவர் என்ன செய்யலாம்?

வெளிநாட்டில் ஒரு தமிழ்ச் சங்கத்தில் சேர்ந்தீர்கள் என்றால், ஒரு மாதத்துக்குள் யாராவது உங்களைத் தனியாக அழைத்து, "உங்களுக்குத் தெரியாது, இங்கே நடக்கிற கதையே வேற" என்று ஆரம்பிப்பார். அடுத்த வாரம் எதிர்த்தரப்பும் அதே வரியோடு வரும். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள், தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள். நீங்கள் தலையாட்டியது அன்று மாலைக்குள் "அவரும் நம்ம பக்கம்தான்" என்று போய்ச் சேர்ந்திருக்கும். பழைய கணக்கு எதிலும் நீங்கள் இல்லை. இரண்டு தரப்பும் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவதே அதனால்தான்.

சம்பளம் இல்லாத வேலையில் கோபம் சீக்கிரம் வரும். அலுவலகத்தில் மாதக் கடைசியை நினைத்து விழுங்கிக்கொள்கிற வார்த்தையை இங்கே யாரும் விழுங்குவதில்லை. சேர்ந்த முதல் வருஷம் நானும் ஒரு தப்புச் செய்தேன். ஆண்டு விழா பேனரில் ஓர் எழுத்துப் பிழை. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "இதை யார் சரிபார்த்தது?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். விடிவதற்குள் எண்பது செய்திகள், இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். மறுநாள் பேனர் அடித்த அண்ணனுக்குப் போன் செய்தபோதுதான், வேலை முடிந்து நேராக அச்சகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறார் என்று தெரிந்தது. எழுத்துப் பிழையைச் சொன்னதில் அவருக்கு வருத்தமே இல்லை. நின்றதை ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் வருத்தம். அப்புறம் நான் குழுவில் நன்றி மட்டும்தான் எழுதுகிறேன். குறை இருந்தால் போன்தான்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க நிர்வாகவியல் சிந்தனையாளர் 1925-இல் ஓர் உரையில் தன் அனுபவம் ஒன்றைச் சொன்னார். நூலக அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குத் தேவை காற்று. இவருக்கோ வாடைக்காற்று நேராக மேலே அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்த சமரசம் இல்லை இது என்பதை ஃபாலெட் அழுத்திச் சொல்கிறார்.

எங்கள் சங்கத்திலும் இதே கதை நடந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குக் கூடம் வேண்டும் என்று நடனப் பயிற்சிக்காரர்களும் தமிழ் வகுப்புக்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள். வாரம் மாற்றி வாரம் என்று பங்கு போட்டதில் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு நாள் புதிதாக வந்த ஒருவர், "ஏன் பத்து மணி? ஏன் கூடம்?" என்று தனித்தனியாகக் கேட்டார். வகுப்புக்கு நேரம்தான் முக்கியம், ஆசிரியர் மதியம் வேலைக்குப் போக வேண்டும். ஆடுபவர்களுக்கு அகலமான தரைதான் முக்கியம். வகுப்பு மாடி அறைக்குப் போனது, விஷயம் முடிந்தது. வருஷக்கணக்கில் இருந்தவர்கள் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

பணத் தகராறு வேறு ரகம். அங்கே மனம்விட்டுப் பேசுவதைவிட ரசீது உதவும். சங்க விதிகளின் பிரதி ஒன்றைச் செயலாளரிடம் முதல் மாதமே வாங்கிப் படியுங்கள். செலவுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும், பொதுக்குழுவுக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாதிச் சண்டை "அன்றைக்கு அப்படியா முடிவு செய்தோம்?" என்பதில்தான் தொடங்குகிறது. கூட்டக் குறிப்பு எழுத ஆள் இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள். சலிப்பான வேலைதான், போட்டிக்கு யாரும் வர மாட்டார்கள்.

மிரட்டல், பாலியல் தொல்லை, குழந்தைகளுக்கு ஆபத்து, கையாடல் என்று வந்தால் சமாதானம் பேச உட்காராதீர்கள். "சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று யார் சொன்னாலும் சரி, அந்த நாட்டுக் காவல்துறையிடம் போக வேண்டிய விஷயம் அது.

எல்லாம் பேசிப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் விலகிக்கொள்வதில் தப்பில்லை. கூடத்துச் சாவி, ரசீதுப் புத்தகம், சங்க மின்னஞ்சலின் கடவுச்சொல் மூன்றையும் ஒப்படைத்துவிட்டு, இரண்டு வரி எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.