கல்யாணப் பத்திரிகை ‘.ஏபிகே’ என்று வந்தால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் கல்யாண அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. மோசடிக்காரன் அதையே தூண்டிலாக்குகிறான். திறக்குமுன் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். படமோ பிடிஎஃப்போ என்றால் பத்திரிகையாக இருக்கலாம். ‘.ஏபிகே’ (.apk) என்று முடிந்தால் அது செயலி, தொடாதீர்கள். சித்தப்பா நம்பரிலிருந்து வந்திருந்தாலும் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருடைய வாட்ஸ்அப்பே களவு போயிருக்கலாம்.

நிறுவினால் முதலில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் எதற்கு? ‘அனுமதி’யை அழுத்தினால் பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டிஏசி (TAC) எண் நேரே அவனுக்குப் போகும். சில செயலிகள் ஒரு ரிங்கிட் கட்டச் சொல்லி, வங்கியின் பக்கம் போலவே ஒன்றைக் காட்டும். பாஸ்வேர்டை அடித்ததும் ‘பிழை’ என்று வரும். லைன் சரியில்லை என்று நினைத்து மறுபடி அடிப்போம். விவரம் முதல் தடவையே போய்விட்டது. ஐபோனில் ஏபிகே ஓடாது. ஆனால் போலிப் பக்கத்தின் லிங்க் அதிலும் திறக்கும்.

தவறி நிறுவிவிட்டால் வைஃபையை அணைத்து, விமானப் பயன்முறையைப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, ஏடிஎம் அட்டையின் பின்புறமுள்ள வங்கி நம்பரைக் கூப்பிட்டு இணையவழிக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 997. அது தேசிய மோசடி எதிர்வினை மையம். பலர் முதலில் மோட்டாரை எடுத்துக்கொண்டு பட்டணத்துப் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அதற்குள் பணம், மோசடிக்காரன் பிறரிடம் வாடகைக்கு எடுத்த ஒரு வங்கிக் கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். முதலில் போன், பிறகுதான் ரிப்போர்ட்.

ரிப்போர்ட்டுக்கு ஐசி (அடையாள அட்டை), அந்தப் போன், வங்கிக் கணக்கு விவரம், அனுப்பியவர் நம்பர், பணம் போன கணக்கு எண், தொகை, நேரம் எல்லாம் வேண்டும். உரையாடலை அழிக்காதீர்கள். போலீஸ் பார்த்த பிறகு போனை முழுதாக ரீசெட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அன்றே வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

அறியாதவருக்குப் பணம் அனுப்புமுன் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். புகார் இல்லை என்று வந்தால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. புதிதாக வாடகைக்கு எடுத்ததாகவும் இருக்கலாம்.

கட்டணம் கொடுத்தால் போன பணத்தை மீட்டுத் தருவதாக யாராவது கூப்பிட்டால், அந்த நம்பரையும் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.