புதிய கேம் கொன்சோல் வாங்குமுன் போட வேண்டிய மூன்று வருடக் கணக்கு

கிளிநொச்சியில் இருக்கும் அக்காவின் மகனுக்குக் கனடாவிலுள்ள சித்தப்பா தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் கேம் கொன்சோலான பிளேஸ்டேஷன் 5 ஒன்று அனுப்பியிருந்தார். பெட்டி வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்து, "பெட்டி வந்திட்டுது மாமா, ஆனா ஒண்டும் விளையாடேலாமல் கிடக்கு" என்றான். வந்தது டிஸ்க் போட இடமில்லாத வகை. அதனுள் விளையாட்டுகளை இணையத்தால் மட்டுமே இறக்க முடியும். வீட்டிலோ கைத்தொலைபேசி டேட்டாவைத் தவிர வேறு இணைப்பு இல்லை. அன்றிலிருந்து யார் என்னிடம் கொன்சோல் பற்றிக் கேட்டாலும், விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுக்கச் சொல்கிறேன். கடைக்காரர் சொல்லும் விலை முதல் நாள் விலை. நீங்கள் அறிய வேண்டியது, அந்தப் பெட்டி உங்கள் வீட்டில் மூன்று வருடம் ஓடுவதற்கு எவ்வளவு எடுக்கும் என்பதே.

முதலில் பெட்டியின் விலையையே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் இரண்டு மூன்று வருடம் பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்று சொல்வோம். 2013 இல் 399 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, 2016 இல் 299 டொலராக இறங்கியது உண்மைதான். இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. 2020 இல் அமெரிக்காவில் 499 டொலராக இருந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஓகஸ்டில் 549 டொலரைத் தாண்டியது. 299 டொலரில் தொடங்கிய எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் என்ற இன்னொரு கொன்சோலும் அதே ஆண்டில் 399 டொலருக்கு ஏறியது. எனவே விலை குறையும் என்ற நம்பிக்கையில் காத்திருப்பதைவிட, தேவையான முழுத்தொகையும் சேரும்வரை காத்திருப்பதே பொருத்தமானது. கணக்கிற்காக ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2025 இன் 550 டொலர் பெட்டி 165,000 ரூபாய் ஆகிறது. இறக்குமதி வரியும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரியும், கடைக்காரரின் இலாபமும் அதன்மேல் வரும்.

அடுத்ததாக டிஸ்க் போடும் வகையா, போடாத வகையா என்பதைத் தீர்மானியுங்கள். டிஸ்க் இல்லாதது வாங்கும்போது மலிவு. ஆனால் வன்னியில் எங்களுடைய நிலைமைக்கு டிஸ்க் உள்ளதே பெரும்பாலும் இலாபமாக முடியும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு டிஸ்க்கை விளையாடி முடித்தபின் விற்கலாம், வவுனியாவில் இருக்கும் நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், மச்சானுக்கு ஒரு மாதம் இரவல் கொடுக்கலாம். இணையத்தில் உங்கள் பெயரில் திறக்கும் பயனர் கணக்கில் வாங்கிய டிஜிட்டல் விளையாட்டு அந்தக் கணக்கோடேயே கிடக்கும். பிளேஸ்டேஷன் 5 பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளையும் ஏற்பதால், கைமாறி வரும் பழைய டிஸ்க்குகளும் பயன்படும். 2023 நவம்பரில் வந்த மெல்லிய வகைக்கு டிஸ்க் பகுதியைத் தனியாக வாங்கிப் பூட்டலாம். ஆனால் பூட்டும் முதல் தடவை இணையம் கட்டாயம் வேண்டும் என்பதையும் அறிந்து வாங்குங்கள். தன்னிலேயே திரை உள்ள கொன்சோலான நின்டெண்டோ சுவிட்ச் 2 வாங்குவோர், கார்ட்ரிட்ஜ் என்று விற்கப்படும் சில விளையாட்டுகளில் உள்ளே விளையாட்டே இராமல் திறவுகோல் மட்டும் இருக்கும், முழுவதையும் இணையத்தால்தான் இறக்க வேண்டும் என்பதை அட்டையில் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது விளையாட்டுகளின் விலை. கொப்பியில் மிகப் பெரிய எண் பெட்டிக்குப் பக்கத்தில் அல்ல, இங்கேதான் வரும். புதிய பிளேஸ்டேஷன் விளையாட்டு ஒன்று வழமையாக 70 டொலர், அதாவது 21,000 ரூபாய். வருடத்துக்கு மூன்று என்றால் மூன்று வருடத்தில் ஒன்பது விளையாட்டு, 189,000 ரூபாய், பெட்டியையே மிஞ்சிவிட்டது. கையில் பிடித்து விளையாடும் கொன்ட்ரோலர் இரண்டாவதாக ஒன்று ஏறக்குறைய 75 டொலர், 22,500 ரூபாய். நண்பர்களோடு இணையத்தில் விளையாடுவதற்கான சந்தா, பிளேஸ்டேஷன் பிளஸின் அடிப்படை நிலையில் வருடத்துக்கு 80 டொலர் என்று எடுத்தால், மூன்று வருடத்துக்கு 72,000 ரூபாய். பெட்டியோடு எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 448,500 ரூபாய். பெட்டி விலையின் இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது, இன்னும் கரண்டும் டேட்டாவும் கணக்கில் ஏறவில்லை.

இந்தத் தொகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. எந்த வரியை வெட்டலாம் என்று பாருங்கள். ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்குப் பிளேஸ்டேஷனில் சந்தா தேவையில்லை. தனியாளாகக் கதை விளையாட்டுகளை விளையாடுபவருக்கும் சந்தா தேவையில்லை. வெளிவந்து ஒரு வருடம் கழித்து வாங்கினால் பல விளையாட்டுகள் பாதி விலைக்கே கிடைக்கும். இரண்டாவது கொன்ட்ரோலரை மட்டும் வெட்ட வேண்டாம் என்பேன். எங்கள் வீடுகளில் பின்னேரமானால் மாமாவின் பிள்ளைகளும் பக்கத்து வளவுப் பிள்ளைகளும் வந்து கூடுவார்கள்; ஒரே கொன்ட்ரோலரை ஐந்து பேர் பறித்து விளையாடினால் அது வேகமாகத் தேயும். அதில் விரலால் தள்ளும் குமிழ் தானாக ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கினால், எப்படியும் இன்னொன்றை வாங்கத்தான் வேண்டியிருக்கும்.

கணக்குத் திறக்கும்போது நாடு தெரிவு செய்ய வேண்டிய இடத்தில் நிதானமாக நடந்துகொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் வலையமைப்பின் நாட்டுப் பட்டியலில் இலங்கையின் பெயர் இல்லாததால், இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரிலேயே கணக்குத் திறக்கிறார்கள். ஒருமுறை தெரிவு செய்த நாட்டைப் பின்னர் மாற்ற முடியாது, கணக்கில் காசு நிரப்ப வாங்கும் பணஅட்டை வேறு நாட்டினதாயின் அந்தக் கணக்கில் ஏறவும் ஏறாது. ஆகவே அட்டை அனுப்பக்கூடிய உறவினர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாட்டையே தெரிவு செய்வது நல்லது. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும். ஆனால் டிஸ்க்குக்கு மேலதிகமாக இணையத்தில் வாங்கும் பகுதிகள், டிஸ்க்கும் கணக்கும் ஒரே பிராந்தியமாக இருந்தால்தான் பொதுவாகச் சேரும். இங்கே அட்டை விற்பவர்கள் முகப்பெறுமதிக்கு மேல் வாங்கும் தொகையையும் ஒரு செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

டேட்டாவைப் பற்றிப் பலர் பெட்டி வாங்கிய பின்பே யோசிக்கிறார்கள். இன்றைய பெரிய விளையாட்டுகளில் பல 100 ஜிபியைத் தொடுகின்றன. உங்கள் இணைப்பு உண்மையில் 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினாலும், 100 ஜிபியை இறக்க இருபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோபுரத்துக்குத் தொலைவான ஊர்களில் அந்த வேகமே இராது. டிஸ்க்கில் வாங்கினாலும் முதல் நாளே பல ஜிபி அளவில் திருத்தங்கள் வந்து நிற்கும். எனவே உங்கள் மாதப் பொதியில் ஒரு ஜிபி எத்தனை ரூபாய்க்கு விழுகிறது என்பதை முதலில் வகுத்துப் பாருங்கள். இரவு நேரத்துக்குத் தனி டேட்டா தரும் பொதியாயின், இறக்கும் வேலையை நள்ளிரவுக்கே வையுங்கள். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ பைபர் இணைப்புள்ள உறவினர் வீடு இருந்தால், பெட்டியைக் கொண்டுபோய் இரண்டு நாள் அங்கே வைத்து விளையாட்டுகளை இறக்கி வருவதே மிக மலிவான வழி. யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளைச் சேமித்து வைக்கலாம், ஆனால் அதிலிருந்து நேரே விளையாட முடியாது. உள்ளே மாற்றிய பின்பே ஓடும். சுவிட்ச் 2 இன் உள்ளிடம் 256 ஜிபி மட்டுமே. அதை விரிக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதுவகை அட்டை வேண்டும், தொலைபேசியில் கிடக்கும் பழைய மெமரி அட்டை உதவாது.

மின்சாரத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னியில் வளர்ந்தவன் என்பதால், ஒரு யூனிட்டின் பெறுமதி எனக்கு இலகுவில் மறக்காது. பிளேஸ்டேஷன் 5 பெரிய விளையாட்டு ஓடும்போது ஏறக்குறைய 200 வாட் எடுக்கும். 43 அங்குலத் தொலைக்காட்சி ஏறக்குறைய 80 வாட். நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் 0.84 யூனிட், மாதத்துக்கு 25 யூனிட். இதைச் சிறு தொகை என்று நினைப்பவர்கள் கட்டணப் படிநிலையை மறக்கிறார்கள். மாதம் 60 யூனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு ஒரு கட்டண முறை, அதைத் தாண்டும் வீட்டுக்கு வேறு முறை. தாண்டினால் மேலதிக யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 யூனிட்டுக்கும் கூடிய விலை விழும், நிலையான கட்டணமும் ஏறும். மாதம் 50 யூனிட் பாவித்த வீடு இந்தப் பெட்டியால் 75 யூனிட்டுக்குப் போனால், மின்கட்டணப் பட்டியல் ஒன்றரை மடங்கோடு நிற்காது. கடைசி மூன்று மாதப் பட்டியல்களை எடுத்து நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 எடுக்கும் கரண்டில் பாதிக்கும் குறைவாகவே எடுக்கும், சுவிட்ச் 2 அதைவிடவும் மிகக் குறைவு. 60 யூனிட் எல்லைக்கு அண்மையில் நிற்கும் வீட்டுக்கு இது தெரிவையே மாற்றக்கூடிய விடயம்.

கரண்டின் அளவைப் போலவே அதன் குணமும் செலவு தரும். மின்மாற்றிக்குத் தொலைவில் உள்ள வீடுகளில் இரவில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதைக் கண்டிருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும். விளையாடும்போதோ பெட்டி ஓய்வு நிலையில் கிடக்கும்போதோ கரண்ட் அறுந்தால் சேமித்தவை கெடலாம். பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து 280 வாட் தேவைப்படுவதால், கரண்ட் போனாலும் பற்றரியால் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்று, குறைந்தபட்சம் 650 விஏ அளவில் வேண்டும். தொடர்ந்து விளையாடுவதற்காக அதை வாங்குவதில்லை. சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். அதன் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும், அதையும் எழுதுங்கள். எர்த் வயர் ஒழுங்காக இறங்கியிருக்கிறதா என்று வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பிப்பதும் செலவுதான், ஆனால் அதைத் தவிர்க்க வேண்டாம். இடி தொடங்கியதும் பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். நேரே விழும் மின்னலை எந்தக் கருவியும் தாங்காது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாயின் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா என்று பின்புறத்தில் வாசியுங்கள். பிளேஸ்டேஷன் 5 அப்படிப்பட்டதுதான், அதற்கு எங்கள் பிளக்குள்ள எட்டு வடிவ வயர் ஒன்று மாற்றினால் போதும்.

வெக்கையும் புழுதியும் இன்னொன்று. பிளேஸ்டேஷன் 5 வேலை செய்வதற்கு நிறுவனம் குறித்திருக்கும் உச்ச வெப்பநிலை 35 பாகை. சித்திரை, வைகாசி மதியத்தில் தகரக்கூரை வீட்டின் உட்புறம் அதைத் தாண்டும். கண்ணாடி அலுமாரிக்குள் வைக்காமல் திறந்த மேசையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் புழுதி உள்ளே போகும், பல்லியும் எறும்பும் சூடான இடம் தேடிப் போகும். விளையாடாத நேரத்தில் நன்றாக ஆறிய பின் துணியால் மூடி வையுங்கள். வருடம் ஒருமுறை துப்புரவு செய்யும் கூலியையும் கொப்பியில் சேருங்கள்.

தொலைக்காட்சிக்காக அதிகம் செலவிட வேண்டாம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் போதும். 4கே இல்லை என்பதற்காக ஓடும் தொலைக்காட்சியை மாற்றுவது தேவையற்றது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் மட்டும் உள்ள பழைய தொலைக்காட்சியாயின் மாற்றுக் கருவி போட்டாலும் எழுத்துகளை வாசிக்க முடியாது. அந்த வீட்டுக்குத் தன்னிலேயே திரை உள்ள சுவிட்ச் 2 மொத்தத்தில் மலிவாக முடியலாம்.

தவணைக்கு வாங்குவது பற்றி மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். நுண்கடனால் எங்கள் ஊர்ப் பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் எல்லோரும் அறிவோம். விளையாட்டுப் பெட்டிக்காக யாருடைய பெயரிலும் கடன் எடுக்க வேண்டாம். கடை தரும் தவணையானாலும் முற்பணத்தையும் எல்லா மாதத் தவணைகளையும் கூட்டி, அதிலிருந்து காசு விலையைக் கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது வட்டி. வீட்டில் சீட்டுக் கட்டுகிறவர்கள் இருந்தால், அது விழும் மாதம்வரை பொறுப்பது இதைவிட நல்லது.

பாவித்த பெட்டி வாங்குவதானால் உங்கள் கணக்கால் உள்நுழைந்து, டிஸ்க் போட்டு, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய பிளேஸ்டேஷன் 5 இன் டிஸ்க் பகுதி அதன் மெயின் போர்டோடு இணைக்கப்பட்டது. பழுதானால் இன்னொன்றிலிருந்து அப்படியே கழற்றிப் பூட்டி ஓட்ட முடியாது. புதியதானால் உத்தரவாதம் உற்பத்தி நிறுவனத்தினதா, கடையினதா என்று கேட்டு, தொடர் இலக்கத்தோடு பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். கொழும்பில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் கிளிநொச்சியிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல், பழுதானால் இரண்டு தடவை போய்வரும் செலவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். போய் வாங்குகிறீர்கள் என்றால் கடையிலேயே திறந்து, தொலைக்காட்சியில் பூட்டி, இரண்டு குமிழ்களையும் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்த பின்பே காசைக் கொடுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸின் பின்பெட்டிக்குள் போடாமல் மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.